ஆல்ட்கெல்ட்: 1893 மன்னிப்பாணையில் நீதிபதியைக் குற்றம் சாட்டியது தேவைதானா?

வைகைக்கரை எழுதியது:

மே தினத்தின் வரலாற்றைப் படிக்கும் எவரும் சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தைத் தாண்டித்தான் வரவேண்டும். 1923இல் சிங்காரவேலர் சென்னையில் அந்நாளைக் கொண்டாடியதற்குப் பின்னாலும் அந்தச் சதுக்கத்தின் நினைவு இருந்தது. ஆனால் அவ்வழக்கின் கடைசிப் பக்கத்தை எழுதிய இல்லினாய் மாநில ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட்டைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவருடைய அரசியல் வாழ்வு முழுவதையும் இங்கே பேச விரும்புகிறேன். எனினும் தொடக்கமாக ஒரு கேள்வியை முன்வைக்கிறேன்.

நிகழ்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1886 மே 4 இரவு, எட்டு மணி நேர வேலை கேட்டு நடந்த கிளர்ச்சியின் தொடர்ச்சியாகக் கூடிய ஒரு கூட்டத்தைக் கலைக்கக் காவலர்கள் அணிவகுத்து வந்தபோது குண்டு ஒன்று வீசப்பட்டது. ஏழு காவலர்கள் இறந்தனர். வீசியவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. அரசே வேண்டாம் என்னும் அராஜகவாதிகள் எட்டுப் பேர் மீது வழக்குத் தொடரப்பட்டு, ஏழு பேருக்குத் தூக்கும் ஆஸ்கர் நீபிக்குப் பதினைந்து ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. 1887 நவம்பர் 11 அன்று ஸ்பீஸ், பார்சன்ஸ், ஃபிஷர், எங்கெல் ஆகிய நால்வர் தூக்கிலிடப்பட்டனர். அதற்கு முந்தைய நாள் லிங் சிறையிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். ஃபீல்டன், ஷ்வாப் இருவருடைய தண்டனையை அப்போதைய ஆளுநர் ஓக்லஸ்பி ஆயுள் சிறையாகக் குறைத்தார்.

1893 ஜனவரியில் பதவியேற்ற ஆல்ட்கெல்ட், அதே ஆண்டு ஜூன் 26 அன்று எஞ்சியிருந்த மூவரையும் முழுமையாக மன்னித்து விடுவித்தார். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் ஊர் ஓரளவு பொறுத்துக்கொண்டிருக்கும். ஏனெனில், போதுமான தண்டனையை அனுபவித்துவிட்டார்கள் என்று கூறி மன்னிப்புக் கோரியவர்களில் லைமன் கேஜ் போன்ற சிகாகோ வங்கியாளர்களே இருந்தனர். ஆனால் ஆல்ட்கெல்ட் அந்தக் காரணத்தை ஏற்க மறுத்தார். விசாரணை நேர்மையாக நடந்து குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் ஆளுநர் தலையிடவே கூடாது, எந்தத் தண்டனையும் அதற்கு மிகையாகாது என்று எழுதிவிட்டு, அந்த விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்பதைப் பக்கம் பக்கமாக நிறுவினார்; தலைமை தாங்கிய நீதிபதி ஜோசப் கேரியின் பாரபட்சத்தையும் வெளிப்படையாகச் சாடினார்.

அந்தக் காரணங்களை எழுதியதுதான் அவருடைய வாழ்நாளின் தலையாய செயல் என்பது என் கருத்து. அவை இல்லாத வெறும் விடுதலை ஆணை பாதிப் பணியாகவே நின்றிருக்கும். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

நீதிநெறி எழுதியது:

வணக்கம், வைகைக்கரை அவர்களே. எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மூவரை விடுவித்தது சரி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஆளுநர் என்பவர் மேல்முறையீட்டு மன்றம் அல்லர். அந்தத் தீர்ப்பை 1887இல் இல்லினாய் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. கேரியின் நீதிமன்றத்தில் பிழை இருந்ததென்றால் அதில் அம்மன்றங்களுக்கும் பங்கு உண்டல்லவா? பழியின் பெரும் சுமையை ஒரு தனிமனிதரின் தலையில் ஏற்றியது நியாயமாகவும் இல்லை, பயனுள்ளதாகவும் இல்லை.

இது என் கருத்து மட்டுமன்று. மன்னிப்புக்காக ஆல்ட்கெல்ட்டை ஓயாமல் வற்புறுத்தியவரும், அவரைத் தம் ஆசானாகவே கருதியவருமான வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோகூட, கேரியிடம் ஆல்ட்கெல்ட் அளவுக்கு மீறிக் கடுமை காட்டிவிட்டார் என்றே பிற்காலத்தில் எழுதினார். விளைவையும் பாருங்கள்: 1893 நவம்பரில் நடந்த தேர்தலில் கேரி மீண்டும் நீதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடிந்துரையால் கேரி வீழவில்லை, எழுதியவர்தான் வீழ்ந்தார்.

ஆல்ட்கெல்ட் யார் என்பதையும் மறக்கலாகாது. 1847இல் ஜெர்மனியின் நாஸோ பகுதியில் பிறந்து, கைக்குழந்தையாக ஒஹாயோவுக்குக் கொண்டுவரப்பட்டவர். பதினாறு வயதில் உள்நாட்டுப் போரில் சேர்ந்து நோயுடன் திரும்பியவர். பின்னர் ஆர்கன்சாவில் இருப்புப்பாதைப் பணியில் கூலியாக உழைத்து, மிசூரியில் சட்டம் பயின்று, அங்கே ஒரு மாவட்டத்தின் அரசு வழக்கறிஞரானவர். 1875இல் சிகாகோவுக்கு வந்து நிலம், கட்டடத் தொழிலில் பெருஞ்செல்வம் ஈட்டியவர். 1886இல் குக் மாவட்ட உயர்நிலை நீதிமன்றத்தின் நீதிபதியாகத் தேர்வு பெற்றவர். ஏறத்தாழ நாற்பதாண்டுகளில் அம்மாநிலத்தின் ஆளுநரான முதல் ஜனநாயகக் கட்சிக்காரர் அவர்தாம். வெளிநாட்டில் பிறந்து அப்பதவிக்கு வந்த முதல் மனிதரும் அவர்தாம். இத்தகைய ஒருவர் கையில் நான்காண்டு அதிகாரம் கிடைக்கும்போது, அதை ஆறாம் மாதத்திலேயே ஓர் ஆவணத்துக்காகச் செலவிட்டுத் தீர்ப்பது அறிவுடைமையா? மன்னித்தால் அன்றிலிருந்து அரசியலில் தாம் இறந்தவரே என்று அவரே டாரோவிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. தெரிந்தே செய்தார் என்பது வீரம்தான். ஆனால் அவரை நம்பி வாக்களித்த தொழிலாளிகளுக்கு வேறு பணிகளும் மிச்சம் இருந்தன.

அறந்தாங்கி வாசகி எழுதியது:

நீதிநெறி ஐயா குறிப்பிட்ட அந்த வேறு பணிகளிலிருந்தே தொடங்குகிறேன். அவற்றைத்தான் நான் சில காலமாகப் படித்து வருகிறேன்.

மன்னிப்பு ஆணை வெளியான அதே ஜூன் மாதத்தில்தான் இல்லினாயின் தொழிற்சாலைச் சட்டமும் ஆல்ட்கெல்ட்டின் ஒப்புதலைப் பெற்றது. சிகாகோவில் குடியிருப்பு அறைகளிலேயே, நோயாளிகளும் குழந்தைகளும் படுத்திருக்கும் இடத்திலேயே, ஆயத்த ஆடைகள் தைக்கப்பட்டன. ஜேன் ஆடம்ஸ் நிறுவிய ஹல் ஹவுஸ் என்னும் சமூகசேவை இல்லத்தில் தங்கியிருந்த ஃபுளோரன்ஸ் கெல்லி அந்தப் பட்டறைகளை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்திருந்தார். அவரும் அவருடன் நின்ற தொழிற்சங்கப் பெண்களும் கொடுத்த அழுத்தத்தால் பிறந்த அச்சட்டம், பதினான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலை வேலையில் அமர்த்துவதைத் தடைசெய்தது. தொழிற்சாலைகளில் பெண்களின் வேலை நேரத்தை நாளுக்கு எட்டு மணியாக வரையறுத்தது. ஆய்வு செய்வதற்கென்று தனி அலுவலகத்தையும் ஏற்படுத்தியது.

இங்கேதான் நாள் வரிசை முக்கியமாகிறது. தலைமை ஆய்வாளராகக் கெல்லியை ஆல்ட்கெல்ட் நியமித்தது ஜூலையில், அதாவது மன்னிப்பு ஆணைக்குப் பிறகு. முதலில் அப்பதவியை எழுத்தாளர் ஹென்றி டெமரெஸ்ட் லாயிடுக்குத் தர முன்வந்தார்; லாயிட் மறுத்து, கெல்லியின் பெயரைச் சொன்னார். பெண்களுக்கு அம்மாநிலத்தில் ஆளுநர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமைகூட இல்லாத காலத்தில், சோசலிசக் கருத்துடையவர் என்று எல்லோருக்கும் தெரிந்த, கணவரைப் பிரிந்து மூன்று குழந்தைகளுடன் வாழ்ந்த ஒரு பெண்ணிடம், ஆண்களும் பணிபுரிந்த, ஓர் உதவி ஆய்வாளரையும் பத்துத் துணை ஆய்வாளர்களையும் கொண்ட அலுவலகத்தை ஒப்படைத்தார். நாடெங்கும் செய்தித்தாள்கள் ஆல்ட்கெல்ட்டை அராஜகவாதிகளின் நண்பர் என்று தூற்றிக்கொண்டிருந்த வாரங்களில் செய்த நியமனம் இது. தம் அரசியல் வலிமை முழுவதும் தீர்ந்துவிட்டதாக நினைத்த மனிதர் அஞ்சி ஒதுங்கியிருப்பார். ஆல்ட்கெல்ட் அதற்கு நேர்மாறாக நடந்தார்.

அச்சட்டத்தின் எட்டு மணி நேரப் பிரிவை வீழ்த்தியதும் மன்னிப்பாணையின் எதிர்விளைவு அன்று. உற்பத்தியாளர்கள் சங்கமாகத் திரண்டு வழக்காட, 1895இல் ரிட்சி வழக்கில் இல்லினாய் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தச் சுதந்திரத்தின் பெயரால் அப்பிரிவைச் செல்லாததாக்கியது. வேறு எந்த ஆளுநர் இருந்திருந்தாலும் அம்மன்றம் அதைத்தான் செய்திருக்கும். மன்னிப்பால் மற்றப் பணிகள் கெட்டன என்று சொல்பவர்கள், எந்தப் பணி, எந்த நாளில், யாரால் கெட்டது என்று காட்ட வேண்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொன்றையும் சேர்க்கிறேன். 1895இல், இவருடைய ஆட்சியில்தான், செல்வத்தின் அளவுக்கேற்ப விகிதம் உயரும் மரபுரிமை வரி இல்லினாயில் வந்தது; 1898இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. தாமே பெருநிலக்காரராக இருந்தவர் இத்தகைய வரிக்குக் கையெழுத்திட்டதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

வைகைக்கரை எழுதியது:

வாசகி அவர்களுக்கு நன்றி. நான் தேர்தல் முடிவுகளை முன்வைக்கிறேன். ஏனெனில், மன்னிப்பே ஆல்ட்கெல்ட்டை வீழ்த்தியது என்னும் கதை பல நூல்களில் கேள்வியின்றித் திரும்பத் திரும்ப வருகிறது.

1892இல் அவர் குடியரசுக் கட்சியின் ஜோசப் ஃபைஃபரை ஏறத்தாழ 23,000 வாக்குகளில் வென்றார். 1896இல் ஜான் டேனரிடம் ஏறத்தாழ 1,13,000 வாக்குகளில் தோற்றார். இந்த இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் நீதிநெறி அவர்கள் சொல்வது சரியென்று தோன்றும். ஆனால் அதே நாளில், அதே மாநிலத்தில், அதே கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் ஏறத்தாழ 1,40,000 வாக்குகளில் பின்தங்கினார். அதாவது, எந்த மன்னிப்பிலும் கையெழுத்திடாத பிரையனைவிட ஆல்ட்கெல்ட் கூடுதல் வாக்குப் பெற்றார். 1893இன் நிதி நெருக்கடியில் வங்கிகள் மூடப்பட்டு வேலையின்மை பெருகியதால், 1894 தேர்தலிலேயே அக்கட்சி நாடெங்கும் சரிந்திருந்தது. அந்தச் சரிவில் இவரும் அடித்துச் செல்லப்பட்டார் என்பதே வாக்கு எண்ணிக்கை சொல்லும் செய்தி.

தூற்றல் இல்லை என்று நான் சொல்லவில்லை. உண்மையான அமெரிக்க இரத்தம் ஒரு துளியும் இவர் உடலில் ஓடுவதாகத் தெரியவில்லை என்னும் பொருளில் சிகாகோ ட்ரிப்யூன் எழுதியது. மூன்று மாதக் குழந்தையாக வந்து, அந்த நாட்டுக்காகச் சீருடை அணிந்தவரைப் பார்த்துச் சொன்ன சொல் அது. ஆனால் செய்தித்தாளின் சினமும் வாக்காளரின் முடிவும் ஒன்றல்ல.

நீதிநெறி எழுதியது:

வைகைக்கரை தந்த எண்களை மறுக்கவில்லை. அவை எதை அளக்கின்றன என்பதில்தான் எனக்கு வேறுபாடு. மன்னிப்பாணைக்கு உரிய விலையை 1896இன் வாக்குப் பெட்டியில் தேடுவதைவிட, 1894 ஜூலையில் தேடுங்கள். புல்மன் ரயில்பெட்டி நிறுவனத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தின்போது குடியரசுத் தலைவர் க்ளீவ்லண்ட், ஆல்ட்கெல்ட்டைக் கேட்காமலே கூட்டாட்சிப் படைகளைச் சிகாகோவில் இறக்கினார். ஆல்ட்கெல்ட் அனுப்பிய எதிர்ப்புத் தந்தி அரசமைப்புச் சட்ட வாதமாக மிகச் சிறந்தது. ஆயினும் நாடு அதைச் செவிமடுக்கவில்லை. ஏன்? அராஜகவாதிகளை விடுவித்தவர் இப்போது கலகக்காரர்களைக் காக்கிறார் என்று ஒரே வரியில் அதைத் தள்ளிவிட முடிந்தது. தியடோர் ரூஸ்வெல்ட் 1896இல் சிகாகோவுக்கே வந்து அந்த ஒரே வரியைத்தான் விரித்துப் பேசினார். கருணையின் பெயரால் மூவரை அமைதியாக விடுவித்திருந்தால், மாநில உரிமைக்காக அவர் பேசியபோது அச்சொல்லுக்கு எடை இருந்திருக்கும். நீதிபதியைத் தாக்கிய ஆவணம் அந்த எடையைக் குறைத்துவிட்டது.

கொள்ளிடம் எழுதியது:

இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். புல்மன் பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நீதிநெறி அவர்கள் முன்வைப்பது வலுவான வாதம் என்பதால் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ரயில் பெட்டிகள் தயாரித்த புல்மன் நிறுவனம், நெருக்கடியைக் காரணம் காட்டிக் கூலியைச் சராசரியாகக் கால்பங்கு குறைத்தது; ஆனால் தன் தொழிலாளர் குடியிருப்பின் வாடகையைக் குறைக்கவில்லை. 1894 மே மாதம் அங்கே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஜூன் 26 முதல் யூஜின் டெப்ஸ் தலைமையிலான அமெரிக்க ரயில்வே சங்கத்தினர் புல்மன் பெட்டிகளை இணைத்த ரயில்களை இயக்க மறுத்தனர். அப்போது கூட்டாட்சியின் தலைமைச் சட்ட அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் ஓல்னி, நெடுங்காலம் ரயில் நிறுவனங்களுக்கு வழக்காடியவர். சிகாகோவில் அரசின் சார்பில் நடவடிக்கை எடுக்கச் சிறப்பு வழக்கறிஞராக அவர் நியமித்த எட்வின் வாக்கரும் ரயில் நிறுவனங்களின் வழக்கறிஞரே. ஜூலை 2 அன்று தடையாணை பெறப்பட்டது. 3ஆம் நாள் படைகளுக்கு ஆணை பிறந்தது.

அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவின்படி, உள்நாட்டு வன்முறையிலிருந்து ஒரு மாநிலத்தைக் காக்க வேண்டுமானால் அம்மாநிலச் சட்டமன்றமோ, அது கூடாத நிலையில் ஆளுநரோ விண்ணப்பிக்க வேண்டும். இல்லினாயிலிருந்து யாரும் விண்ணப்பிக்கவில்லை. ஜூலை 5ஆம் நாள் தந்தியில் ஆல்ட்கெல்ட் இதைத்தான் சுட்டிக்காட்டினார். மாநிலக் காவல்படை தயாராக இருக்கிறது, ரயில்கள் பல இடங்களில் ஓடாததற்குக் காரணம் கலகம் அன்று, அவற்றை இயக்க ஆள் கிடைக்காததே என்றும் விளக்கினார். அஞ்சல் தடைப்படுகிறது, மாநிலங்களுக்கிடையேயான வாணிகம் தடைப்படுகிறது, கூட்டாட்சி நீதிமன்றத்தின் ஆணை மீறப்படுகிறது என்பவற்றைக் க்ளீவ்லண்ட் பதிலாகக் கூறினார். மறுநாள் ஆல்ட்கெல்ட் நீண்ட இரண்டாம் தந்தியை அனுப்பியபோது, ஆபத்தான இந்நேரத்தில் விவாதத்தைவிடச் செயலே வேண்டும் என்னும் பொருளில் க்ளீவ்லண்ட் ஒரு சில வரிகளில் முடித்துக்கொண்டார்.

இப்போது நாள்களைக் கவனியுங்கள். தந்தி செல்வதற்கு முன்பே படைகள் வந்து இறங்கிவிட்டன. ஓல்னியின் முடிவு ஆல்ட்கெல்ட் யார் என்பதைப் பொறுத்து எடுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. வேலைநிறுத்தத்தை முறிக்க வேண்டும் என்பதே அங்கே நோக்கம். மாசற்ற பெயருடைய வேறொருவர் அந்நாற்காலியில் இருந்து இதே தந்தியை அனுப்பியிருந்தாலும், தடையாணையை மீறியதற்காக டெப்ஸ் தண்டிக்கப்பட்ட வழக்கில் 1895இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கூட்டாட்சி அரசின் பக்கமே நின்றிருக்கும்.

அதே வேளையில் ஆல்ட்கெல்ட்டைத் தொழிலாளரின் களங்கமற்ற காவலர் என்று வரைவதையும் நான் ஏற்கவில்லை. மேயரின் வேண்டுகோளின் பேரில் ஜூலை 6 அன்று அவரே மாநிலப் படையைச் சிகாகோவுக்கு அனுப்பினார். மறுநாள் அப்படை சுட்டதில் மக்கள் சிலர் உயிரிழந்தனர். அந்த உயிர்களுக்கான பொறுப்பு அவருடைய கணக்கிலும் உண்டு. ஒழுங்கைக் காப்பது மாநிலத்தின் கடமை, அதை மாநிலமே செய்யும் என்பதுதான் அவர் நிலைப்பாடு. அவர் அராஜகவாதி அல்லர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆகஸ்டில் அவர் நேரில் புல்மன் குடியிருப்புக்குச் சென்று, பட்டினியால் வாடிய குடும்பங்களைக் கண்டு, உதவுமாறு நிறுவன அதிபர் ஜார்ஜ் புல்மனுக்கு எழுதினார். பயன் கிட்டாதபோது பொதுமக்களிடம் உதவி கேட்டு அறிக்கை வெளியிட்டார்.

அறந்தாங்கி வாசகி எழுதியது:

கொள்ளிடம் அவர்களின் பதிவுக்குப் பின் நிகழ்ந்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1896இல் சிகாகோவில் கூடிய ஜனநாயகக் கட்சி மாநாட்டில், பதவியிலிருந்த தன் சொந்தக் குடியரசுத் தலைவரையே அக்கட்சி கைவிட்டது. தடையாணைகளால் ஆளும் முறையையும், உள்ளூர் விவகாரங்களில் கூட்டாட்சி அதிகாரிகள் தலையிடுவதையும் கண்டிக்கும் வாசகங்கள் கட்சியின் கொள்கை அறிக்கையில் ஏறின. ஆல்ட்கெல்ட்டின் தந்திகளில் இருந்த வாதமே அங்கே கட்சியின் குரலாயிற்று. வெளிநாட்டில் பிறந்தவர் என்பதால் அவரால் குடியரசுத் தலைவர் பதவிக்குப் போட்டியிட முடியாது. இருந்தாலும் அம்மாநாட்டில் அவர் அளவுக்குச் செல்வாக்குப் பெற்றிருந்தவர் வேறு எவரும் இலர் என்றே கருதுகிறேன். நீதிநெறி ஐயா சொல்வதுபோல் அவர் சொல்லின் எடை குறைந்திருந்தால் இது நடந்திருக்குமா?

தோல்வியின் உண்மையான விலை எங்கே விழுந்தது என்பதையும் பாருங்கள். 1897இல் புதிய ஆளுநர் டேனர், ஃபுளோரன்ஸ் கெல்லியை நீக்கிவிட்டு, ஆல்டன் நகரத்துக் கண்ணாடித் தொழிற்சாலையில் நெடுங்காலம் வேலை பார்த்த ஒருவரை அந்த இடத்தில் அமர்த்தினார். குழந்தைகளை வேலைக்கு வைத்ததற்காகக் கெல்லி கடுமையாகக் கண்டித்திருந்த ஆலை அதுவே. படிக்கும்போது இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. பதவியிறங்கும் ஆளுநர் விடைபெற்று உரையாற்றும் வழக்கத்தையும் ஆல்ட்கெல்ட்டுக்கு மறுத்தார்கள்.

அதன்பின் செல்வமும் போயிற்று. சிகாகோவில் அவர் எழுப்பிய பதினாறு மாடி யூனிட்டி கட்டடம் கைவிட்டுப் போனது. 1899இல் மேயர் பதவிக்குச் சுயேச்சையாக நின்று மூன்றாம் இடம் பெற்றார். டாரோவின் வழக்கறிஞர் நிறுவனத்தில் சேர்ந்து உழைத்தார். 1902 மார்ச்சில், ஜோலியட் நகரில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட தென்னாப்பிரிக்க போயர்களுக்கு ஆதரவாகப் பேசிய கூட்டத்தில் நோயுற்று விழுந்து, 12ஆம் நாள் காலமானார். அப்போது வயது 54.

நீதிநெறி எழுதியது:

1896 மாநாட்டைப் பற்றி வாசகி அவர்கள் சொல்வது சிந்திக்கத்தக்கது. எனினும் ஒரு கேள்வி அப்படியே நிற்கிறது. மூவரும் வெளியே வந்தால் போதும் என்ற நிலையில், நீதிமன்றத்தைக் குறை கூறாமலே அவர்களை வெளியே கொண்டுவர வழி இருந்தது. அவ்வழி ஏன் போதாது என்பதற்கு இதுவரை யாரும் நேரடியாகப் பதில் சொல்லவில்லை.

வைகைக்கரை எழுதியது:

நேரடியாகவே சொல்கிறேன். கருணை வழி 1887இலேயே ஒருமுறை முயன்று பார்க்கப்பட்டது. ஓக்லஸ்பியிடம் ஃபீல்டனும் ஷ்வாப்பும் கருணை கேட்டார்கள், உயிர் பிழைத்தார்கள். ஆல்பர்ட் பார்சன்ஸ் கேட்டிருந்தால் அவரும் பிழைத்திருக்க வாய்ப்பு இருந்தது. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பது அதை ஒப்புக்கொள்வதாகும் என்று கூறி அவர் மறுத்தார், தூக்கிலிடப்பட்டார். கருணையின் அடிப்படையில் 1893இல் எழுதப்படும் எந்த ஆணையும், தூக்கிலிடப்பட்ட நால்வரும் குற்றவாளிகளே என்று அரசு மறுபடி ஒருமுறை கையெழுத்திடுவதற்குச் சமம்.

ஆவணத்தில் உள்ளவற்றையும் பாருங்கள். அவை வெறும் வசை அல்ல. வழக்கமான குலுக்கல் முறையில் ஜூரியைத் தேர்ந்தெடுக்காமல், ஹென்றி ரைஸ் என்ற சிறப்பு அலுவலர் தாம் விரும்பியவர்களை அழைத்து வந்தார் என்பதற்கு ஆல்ட்கெல்ட் பிரமாணப் பத்திரத்தை முன்வைத்தார். குற்றவாளிகள் என்ற கருத்து தங்களுக்கு ஏற்கெனவே உண்டு என்று சொன்னவர்களையும் ஜூரியில் அமரத் தகுதியுள்ளவர்களாகக் கேரி ஏற்றதை விசாரணைப் பதிவிலிருந்தே எடுத்துக்காட்டினார். குண்டை வீசியவர் யார் என்று காட்டாமல், அவர் இவர்களுடைய பேச்சைக் கேட்டோ எழுத்தைப் படித்தோ வீசினார் என்பதையும் காட்டாமல், சதி என்று தீர்ப்பளிக்க முடியாது என்று வாதிட்டார். 1885 டிராம் வேலைநிறுத்தத்தில் காவல் அதிகாரி பான்ஃபீல்டின் ஆள்களிடம் அடிபட்டவர்களின் வாக்குமூலங்களைச் சேர்த்து, குண்டுவீச்சு அதற்கான தனிப்பட்ட பழிவாங்கலாக இருக்கக்கூடும் என்றார். ஹேமார்க்கெட் கூட்டத்துக்கு நேரில் வந்திருந்த மேயர் கார்ட்டர் ஹாரிசன், கூட்டம் அமைதியாக நடக்கிறது என்று அதே பான்ஃபீல்டிடம் சொல்லிவிட்டுத்தான் வீடு திரும்பினார். அதன் பிறகும் காவலர்கள் அணிவகுத்தனர்.

கேரி மீதான சொற்களில் சிலவற்றை மென்மையாக்கியிருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை; டாரோவின் கருத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஜூரித் தேர்வைப் பற்றி எழுதிவிட்டு, அந்தத் தேர்வை அனுமதித்த நீதிபதியைப் பற்றி எழுதாமல் விடுவது எப்படி?

கடைசியாக நீபி. வன்முறைக்கும் அவருக்கும் தொடர்பு காட்டச் சான்றே இல்லை; அவர்மீது வழக்கு நிற்காது என்று அரசு வழக்கறிஞர் கிரினலே கருதியதாக மேயர் ஹாரிசன் எழுதிக் கொடுத்த கடிதம் அந்த ஆவணத்தில் இணைக்கப்பட்டிருக்கிறது. நீபி சிறைப்பட்டிருந்த காலத்தில் அவர் மனைவி இறந்துபோனார். அப்படிப்பட்டவரிடம், பதினைந்து ஆண்டில் பாதி போதும், இரங்கி விடுகிறோம் என்று மாநிலம் சொல்லலாமா? நீதிநெறி அவர்கள் சொன்ன வழியில் ஃபீல்டனுக்கும் ஷ்வாப்புக்கும் ஏதோ ஒரு வாசகத்தை எழுதிவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். நீபிக்கு எந்த வாசகத்தை எழுதியிருக்க வேண்டும் என்று அவரே சொல்லட்டும்.